வான்கோ பார்த்து வரைந்த பியத்தா

வான்கோ என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ரெண்டு விஷயம். ஒண்ணு சூரியகாந்திப் பூ, இன்னொண்ணு அறுத்துக்கொண்ட காது. கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர்கள் 'நட்சத்திர இரவு' என்பார்கள். அதே மனுஷன், செத்துப்போன மகனுக்கு முன்னால் கையை விரித்து நிற்கும் ஒரு தாயையும் வரைந்திருக்கிறார். அதுவும் சொந்தக் கற்பனையில் இல்லை. இன்னொரு ஓவியர் வரைந்ததைப் பார்த்து வரைந்தார்.

"அட, வான்கோவே காப்பி அடிச்சாரா?" என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ வைத்துக்கொண்டு படியுங்கள் :-)

பியத்தா என்றால் என்ன?

சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவின் உடலோடு மாதா துக்கப்படும் காட்சிக்கு இத்தாலிய மொழியில் பியத்தா என்று பெயர். இரக்கம், பக்தி ரெண்டுக்கும் பொதுவான சொல் அது. நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் மாதாவின் வியாகுலங்கள் ஏழு என்று எண்ணுவார்களே, அதில் இதுவும் ஒன்று. கம்பம் பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி பக்கத்து ஆட்களுக்கு வியாகுல மாதாவைப் பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் காட்சி பைபிளில் கிடையாது! யோவான் நற்செய்தியில் மாதா சிலுவைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அப்புறம் அரிமத்தியா ஊர் யோசேப்பு வந்து உடலைக் கேட்டு வாங்கி அடக்கம் செய்கிறார். நடுவில், பெத்தவள் மகனை மடியில் போட்டு அழுதாள் என்று எந்த நற்செய்தியிலும் ஒரு வரி இல்லை. ஆனால் ஜனங்களுக்கு அது போதவில்லை. பிள்ளை செத்தால் தாய் மடியில் வாங்காமல் இருப்பாளா? 1300-ஐ ஒட்டி ஜெர்மனி பக்கத்துச் சிற்பிகள் அந்த இடைவெளியை மரத்தில் செதுக்கி நிரப்பினார்கள். அது ஐரோப்பா முழுக்கப் பரவி, 1498-99ல் மைக்கலாஞ்சலோவின் கையில் சலவைக்கல் ஆனது. ரோமில் புனித பேதுரு பேராலயத்தில் இருக்கிறதே, அதுதான். செதுக்கும்போது அவருக்கு வயசு 25-கூட ஆகவில்லை.

ஆக, இந்தக் காட்சியே ஏட்டில் இல்லாததை மனசு எழுதிச் சேர்த்ததுதான்.

ஒருத்தர் கையிலிருந்து இன்னொருத்தர் கைக்கு

மைக்கலாஞ்சலோவின் மாதா சத்தம் போடவில்லை. தலை குனிந்து, ஒரு கையை மட்டும் லேசாக விரித்து உட்கார்ந்திருக்கிறார். துக்கம் எல்லாம் உள்ளே போய்விட்டது.

அவருக்குச் சில பத்தாண்டுகள் கழித்து வந்தவர் ரோஸ்ஸோ ஃபியோரென்தினோ. இத்தாலிக்காரர். பிரெஞ்சு அரசவையில் வேலை பார்த்தவர். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அவருடைய பியத்தா இருக்கிறது. அதில் மாதா ரெண்டு கையையும் ரெண்டு பக்கமும் நீட்டி விரித்திருக்கிறார். அடக்கம் போய், கதறல் வந்துவிட்டது.

அதைப் பார்த்தவர் யூஜின் தெலாக்ரவா (1798-1863). பிரெஞ்சு ஓவியத்தில் நிறத்தின் ராஜா. பாரிசில் ஒரு கோயில் சுவரில் 1844ல் பெரிய பியத்தா ஒன்றை வரைந்து முடித்தார். அதில் மாதாவின் விரிந்த கைகள் ரோஸ்ஸோவிடமிருந்து வந்தவை என்று கலை வரலாறு எழுதுபவர்கள் சொல்கிறார்கள். பிறகு 1850 வாக்கில் அதே விஷயத்தைச் சின்னதாக, ஓர் அடி உயரத்துக்குக் கொஞ்சம் கூட, இன்னொரு படமாக வரைந்தார். நார்வேயில் ஆஸ்லோ தேசிய அருங்காட்சியகத்தில் இப்போது இருக்கிறது. இந்தச் சின்னப் படத்தைப் பார்த்து செலஸ்தான் நான்தெய் என்பவர் கல்லச்சு எடுத்தார். அச்சு என்பதால் வெறும் கறுப்பு வெள்ளை.

அந்தக் கல்லச்சுத் தாளில் ஒன்று வான்கோவிடம் வந்து சேர்ந்தது.

நமக்கும் இது புதுசு இல்லை. ரவிவர்மா வரைந்த மூல ஓவியத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 1894ல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கியதால்தான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் வீடு வீடாக வந்தார்கள். கோவில்பட்டி கொண்டைய ராஜு வரைந்த முருகனை நாம் பார்த்தது சிவகாசி காலண்டரில்தான். சாமி முகம் நம்மிடம் தாளில்தான் வந்தது. வான்கோவுக்கும் அப்படித்தான்.

1889, சான் ரெமி

வான்கோ ஒரு போதகரின் பிள்ளை. புராட்டஸ்டண்ட் குடும்பம். இளவயசில் அவருக்கே ஊழியம் செய்யும் ஆசை. 1879ல் பெல்ஜியத்தில் பொரினாஜ் என்ற நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் உபதேசியாக இருந்தார். தன் துணிமணியைக்கூடக் கொடுத்துவிட்டு, சுரங்கத் தொழிலாளிகளைவிட மோசமாக வாழ்ந்தார். மேலே உள்ளவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வேலையை நீட்டிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஓவியம்.

1888 டிசம்பரில் காது விவகாரம். 1889 மே 8ல் சான் ரெமி ஊரில் இருந்த மனநல விடுதிக்குத் தானாகவே போய்ச் சேர்ந்தார். அது பழைய மடாலயக் கட்டடம். ஜூனில் 'நட்சத்திர இரவு' வரைந்தார். ஜூலை நடுவில், வெளியே கல்குவாரியை வரைந்துகொண்டிருக்கும்போது மறுபடி நோய் தாக்கியது. பல வாரம் நீடித்தது. வண்ணத்தை எடுத்து விழுங்கியதால், தூரிகையைக் கையில் கொடுக்கவே மருத்துவர் தயங்கினார். "வேலைதான் எனக்கு மருந்து, டாக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிக் கொடு" என்ற ரீதியில் தம்பி தியோவுக்கு எழுதிக் கெஞ்சியிருக்கிறார்.

இந்த நோய் நாட்களில்தான் அந்த விபத்து. தெலாக்ரவாவின் பியத்தா அச்சுத்தாள், வேறு சில தாள்களோடு எண்ணெயிலும் வண்ணத்திலும் விழுந்து கெட்டுப்போனது. அவருக்கு ரொம்ப வருத்தம். செப்டம்பரில் தியோவுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லிவிட்டு, அதையே இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன் என்கிறார்.

படம் கெட்டுப்போனதால் படம் பிறந்தது. இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். கையில் பணமில்லை. வெளியே போக அனுமதி இல்லை. மாடலாக உட்கார ஆளில்லை. ஆறுதலாக இருந்த ஒரு தாளும் பாழ். அப்போது அவர் செய்தது, அதைத் தன் கையால் திரும்ப உண்டாக்கியது.

என்ன மாற்றினார்?

அமைப்பு அப்படியே தெலாக்ரவாவுடையது. குகை வாசல். இடது பக்கம் சரிந்து கிடக்கும் உடல். பின்னால் மாதா. ஆனால் நிறம்? தாளில் நிறம் கிடையாதே. அதனால் நிறம் முழுக்க வான்கோவின் சொந்தச் சரக்கு.

நீலமும் மஞ்சளும்தான் படத்தை ஆள்கின்றன. தங்கை வில்லுக்கு எழுதிய கடிதத்தில் படத்தை அவரே விவரிக்கிறார். இடிமழை ஓய்ந்த சாயங்காலம். ஓரத்தில் பொன் பூசிய ஊதா மேகங்கள். காற்றில் படபடக்கும் நீல உடை. உயரம் எவ்வளவோ கிட்டத்தட்ட அதே அளவு அகலத்துக்கு விரிந்த உருவம். மகனின் முகம் நிழலில், தாயின் முகம் வெளிறி மேகத்துக்கு எதிரே. ரெண்டு தலையும் ஒரு கருத்த பூவும் ஒரு வெளுத்த பூவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோல என்கிறார்.

அப்புறம் ஒன்று சொல்கிறார். அந்தத் தாயின் கைகள் வெறும் கைகள். உழைக்கிற பெண்ணின் நல்ல உறுதியான கைகள்.

இங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

எங்க ஊர் பொட்டிப்புரம். போடி மேற்கு மலையின் அடிவாரம். நியூட்ரினோ ஆய்வுக்கூடம் என்று பேப்பரில் பேர் அடிபட்டதே, அதே ஊர்தான். இந்தப் பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். இல்லையென்றால் இங்கேயே களையெடுப்பு, காய் பறிப்பு, திராட்சைத் தோட்டம். எழவு வீட்டில் அதே கைகளைப் பார்க்கலாம். வாசலுக்கு வரும்போதே ரெண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, "என்னைப் பெத்த ராசா..." என்று குரலெடுத்து வருவார்கள். கையில் ஒன்றும் இருக்காது. அந்தக் கை எதையும் கேட்கவும் இல்லை. பிடித்திருந்தது போய்விட்டது என்று காட்டுகிறது, அவ்வளவுதான். பிறகு ஒருத்தர் தோளை ஒருத்தர் கட்டிக்கொண்டு ஒப்பாரி.

மைக்கலாஞ்சலோவின் மாதா ராணி மாதிரி. பார்த்தால் கும்பிடத் தோன்றும். வான்கோவின் மாதா எழவு வீட்டுக்கு நேராக வயக்காட்டிலிருந்து வந்தவள் மாதிரி. பார்த்தால் கூட உட்கார்ந்து அழத் தோன்றும். விரிந்த கை என்ற சங்கதி ரோஸ்ஸோவிடம் இருந்தது, தெலாக்ரவாவிடமும் இருந்தது. அதில் காய்ப்பு ஏறியது வான்கோவிடம்தான்.

காப்பியா, வழிநூலா?

இப்படிப் பார்த்து வரைவதைப் பற்றி அவருக்கே கூச்சம் இருந்தது. அதே செப்டம்பரில் தியோவுக்கு விளக்கம் எழுதுகிறார். ஓவியன் என்றால் எப்போதும் எல்லாவற்றையும் சொந்தமாக இயற்றவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சங்கீதத்தில் அப்படி இல்லையே? பீத்தோவன் இயற்றியதை இன்னொருத்தர் வாசிக்கும்போது தன் மனோதர்மத்தையும் சேர்க்கிறாரே? நானும் கறுப்பு வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு அதன்மேல் நிறத்தை வாசிக்கிறேன். தூரிகை என் விரலிடையில் வயலின் வில் மாதிரி ஓடுகிறது. இது அவர் சொன்னதன் சாரம். இன்னோர் இடத்தில் இதை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குப் பெயர்ப்பது என்கிற மாதிரியும் சொல்கிறார்.

கச்சேரி கேட்கிற நமக்கு இதில் என்ன புதுசு? தியாகராஜர் கீர்த்தனை ஒன்றுதான். அரியக்குடி பாடினால் ஒரு மாதிரி, மதுரை மணி பாடினால் ஒரு மாதிரி. யாரையும் "சுட்டுட்டார்" என்று சொல்வதில்லையே.

அதைவிடப் பழைய சாட்சியும் நம்மிடம் உண்டு. தொல்காப்பியம் நூலை முதல்நூல், வழிநூல் என்று ரெண்டாகப் பிரிக்கிறது. வழிநூல் எப்படியெல்லாம் வரலாம் என்றும் நாலு வகை சொல்கிறது. தொகுப்பது, விரிப்பது, தொகுத்தும் விரித்தும் சொல்வது, மொழிபெயர்ப்பது. அதாவது பின்னால் வந்தவன் முன்னவனை வைத்துச் செய்வது களவு இல்லை. அதற்கென்று மரியாதையான ஓர் இடமே இருந்திருக்கிறது.

இதற்குக் கம்பனைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதுவும் ஓர் ஒப்பாரிக் காட்சியையே எடுத்துக்கொள்வோம். ராவணன் விழுந்து கிடக்கிறான். மண்டோதரி வருகிறாள். வான்மீகியில் அவள் நீளமாகப் புலம்புகிறாள். அப்போதே சொன்னேனே கேட்டாயா என்கிற தாபமும் கோபமும் கலந்த புலம்பல். கடைசியில் மற்ற பெண்கள் அவளைத் தேற்றுகிறார்கள். அவள் உயிரோடு இருக்கிறாள். கம்பன் அதே காட்சியை எடுக்கிறான். அதே பிணம், அதே பெண், அதே போர்க்களம். ஆனால் கம்பனின் மண்டோதரி அவன் உடலைத் தழுவி அழுது, அந்தத் தழுவலிலேயே மூச்சை விட்டுவிடுகிறாள். வான்மீகியில் இல்லாத அந்த ஒரு சாவு, அதுவரை எதிரியாகப் பார்த்த ஆளின் வீட்டு வாசலில் நம்மை நிறுத்திவிடுகிறது.

இந்தக் காட்சியின் அமைப்பைக் கம்பன் மாற்றவில்லை. மாற்றவேண்டிய ஒரே இடத்தில் மட்டும் கை வைத்தான். வான்கோவும் அப்படித்தான். கோடு தெலாக்ரவாவுடையது, நிறமும் கையும் இவருடையது.

சிவப்புத் தாடி

படத்தில் இயேசுவின் முடியையும் தாடியையும் பாருங்கள். செம்பட்டை. வான்கோவுக்கும் செம்பட்டை முடி, செம்பட்டைத் தாடி. ஒட்டிய கன்னமும் அவரை மாதிரியே இருக்கிறது. இது அவரேதான், தன்னைத்தான் தாய்க்கு முன்னால் கிடத்தியிருக்கிறார் என்று சொல்பவர்கள் உண்டு. கடிதங்களில் அவர் அப்படிச் சொல்லவில்லை. அதனால் அடித்துச் சொல்லமுடியாது. ஆனால் பார்த்த கண்ணுக்கு அந்தச் சந்தேகம் வராமல் இருக்காது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. வான்கோவுக்கு இயேசுவை வரைவதே ஒரு பெரிய சிக்கல். ஆர்ல் ஊரில் இருந்தபோது, 1888ல், ஒலிவத் தோட்டத்தில் இயேசு ஜெபிக்கும் காட்சியை ரெண்டு தடவை ஆரம்பித்தார். ரெண்டு தடவையும் சுரண்டி எடுத்துவிட்டார். ஆள் இல்லாமல், பார்க்காமல், கற்பனையில் அந்த உருவத்தை வரையக்கூடாது என்பது அவர் கட்சி. 1889 நவம்பரில் நண்பர் எமில் பெர்னார் இப்படிப்பட்ட பைபிள் படங்களை வரைந்தபோது, கடுமையாகத் திட்டிக் கடிதம் எழுதினார். அதற்குப் பதில் நிஜமான ஒலிவ மரத்தையே வரையலாமே என்றார்.

இன்னொரு பக்கம், நோய் வரும்போதெல்லாம் மதம் சம்பந்தமான பயங்கர எண்ணங்கள் வருகின்றன என்று தியோவிடம் புலம்புகிறார். எமில் ஸோலாவைப் படிக்கிற நவீன மனுஷனான எனக்கு ஏன் மூடநம்பிக்கைக்காரனுக்கு வருகிற மாதிரி வருகிறது என்று குழம்புகிறார். பழைய மடாலயத்தில் இருப்பதும் ஒரு காரணமோ என்று சந்தேகப்படுகிறார். இதை எழுதியதும், பியத்தாவை வரைவதாக எழுதியதும் அதே செப்டம்பரில்தான்.

ஆக நிலைமை இதுதான். சொந்தமாக இயேசுவை வரைய மனசு ஒப்பவில்லை. வரையாமல் இருக்கவும் முடியவில்லை. மதத்தைக் கண்டு பயமும் இருக்கிறது, ஆறுதலும் அங்கேதான் இருக்கிறது. இதற்கு ஒரே வழி இன்னொருத்தர் தோளைப் பிடித்துக்கொண்டு போவது. இயேசுவின் முகத்தைத் தான் உணர்வதுபோல வரைந்தவர்கள் ரெம்ப்ராண்ட்டும் தெலாக்ரவாவும்தான் என்று ஒரு வருஷம் முன்பே பெர்னாருக்கு எழுதியிருந்தார். அந்த ரெண்டு பேரையும்தான் பிடித்தார். 1890 மே மாதம் தெலாக்ரவாவைப் பார்த்து 'நல்ல சமாரியன்', ரெம்ப்ராண்ட்டின் செதுக்கச்சைப் பார்த்து 'லாசர் உயிர்த்தெழுதல்'. லாசர் படத்தில் இயேசுவையே எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெரிய மஞ்சள் சூரியனை வைத்துவிட்டார். லாசருக்கும் சிவப்புத் தாடி!

அப்படிப் பார்த்தால், அவருக்கு இந்த நகலெடுப்பு சோம்பேறித்தனமும் இல்லை, பயிற்சியும் இல்லை. தனியாகப் போகமுடியாத ஓர் இடத்துக்குத் துணையோடு போனார். ஒப்பாரியும் அதைத்தானே செய்கிறது? எழவு வீட்டில் அழுபவள் சொந்தமாகப் பாட்டுக் கட்டுவதில்லை. பாட்டியும் அம்மாவும் பாடிய மெட்டு இருக்கிறது, அடிகள் இருக்கின்றன. அதில் செத்தவர் பெயரையும் தன் வயிற்றெரிச்சலையும் போட்டு நிரப்பிக்கொள்கிறாள். வார்த்தை வராத நேரத்தில் முன்னால் இருந்தவர்களின் வார்த்தை தாங்கிக்கொள்கிறது.

அதற்குப் பிறகு

பியத்தாவை அவர் ரெண்டு பிரதி வரைந்தார். பெரியது 73 × 60.5 சென்டிமீட்டர், ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தில். சின்னது தங்கை வில்லுக்காக வரைந்தது. 1890ல் ஓவேர் ஊருக்குப் போனபோது மருத்துவர் கஷே இந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்று, எனக்கும் ஒன்று வரைந்து கொடு என்று கேட்டிருக்கிறார். அதற்கு நேரம் இல்லை. ஜூலை 29ல் வான்கோ இறந்தார், 37 வயசில். ஆறு மாசத்தில் தியோவும் போய்விட்டார்.

தங்கைக்கு வரைந்த சின்னப் படம் இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? வாட்டிகனில்! 1973ல் போப் ஆறாம் பால் திறந்துவைத்த நவீன சமயக் கலைத் தொகுப்பில். உபதேசி வேலைக்கு லாயக்கில்லை என்று ஒரு காலத்தில் கழித்துவிடப்பட்ட புராட்டஸ்டண்ட் போதகரின் பிள்ளை, கத்தோலிக்கத் தலைமையகத்தில் இடம் பிடித்துவிட்டார்.

இந்தச் சங்கிலி நம்ம நாட்டுக்கும் வந்தது. எம்.எஃப். ஹுசைன் 1980 வாக்கில் அன்னை தெரசாவை வரைய ஆரம்பித்தார். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, மடியில் ஓர் உயிர். மைக்கலாஞ்சலோவின் பியத்தாவை உடனே ஞாபகப்படுத்தும் அமைப்பு. ஆனால் சேலைக்குள் முகம் இருக்காது. வெறும் இருட்டு. ஹுசைன் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவருடைய தாய் இறந்துவிட்டார். அம்மாவின் முகம் தனக்கு ஞாபகமில்லை என்பதைப் பல தடவை சொல்லியிருக்கிறார். மதம் வேறு, நாடு வேறு. பியத்தாவில் தாய் மகனை இழந்து நிற்கிறாள். ஹுசைன் அதை எடுத்து, தாயை இழந்த மகன் பக்கமிருந்து வரைந்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மன் மரச்சிற்பி, மைக்கலாஞ்சலோ, ரோஸ்ஸோ, தெலாக்ரவா, நான்தெய், வான்கோ, ஹுசைன். ஏட்டில் எழுதாமல் விட்ட ஒரு காட்சியை அறுநூறு எழுநூறு வருஷமாக ஆள் மாற்றி ஆள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருத்தரும் முன்னவரிடம் கடன் வாங்கித்தான் எழுதினார்கள். வாங்கினதை வாங்கினபடியே யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒருத்தர் கையை விரித்தார், ஒருத்தர் நிறத்தைப் போட்டார், ஒருத்தர் முகத்தையே எடுத்தார்.

அடுத்த தடவை யாராவது "இது பார்த்து வரைஞ்சதுதானே" என்று உதட்டைப் பிதுக்கினால், ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். போதும்.